உயிர் நண்டும் சிங்கப்பூர் உறவும்

உயிர் நண்டு ஏற்றுமதியில் நண்டு செத்தால் பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிடும். வாங்குகிறவரோடு இருந்த உறவு செத்தது எனக்குக் கடைசியாகத்தான் தெரியவந்தது.

கல்யாணத்துக்கு வந்தவர்

எங்கள் ஊரான பனிச்சங்கேணியில் நானும் கணவரும், கடலோரக் களப்பின் உப்புநீரில் பிடிபடும் நண்டை வாங்கி, கால்களைக் கட்டி, விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்பிவந்தோம். அங்கே எங்களிடம் வாங்கியது ஒரே கம்பனி. அதன் கொள்முதல் அதிகாரி ராஜன் எங்கள் மகளின் கல்யாணத்துக்கே வந்தார். வேறு கம்பனிக்காரர்களும் நண்டு கேட்டு வருகிறார்கள் என்று பந்தியில் வைத்து அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"அக்கா, நான் இருக்கிற வரைக்கும் நீங்க வேற ஆளைத் தேட வேண்டாம்."

தேடவில்லை. வந்தவர்களையும் திருப்பி அனுப்பினோம்.

டீசல் வரிசை

டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். எங்கள் லொறியும் கொழும்புக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்டது. சாரதி நிசாம், காத்தான்குடிக்காரர், தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் நண்டுப் பெட்டிகளில் தெளித்துப் பார்த்தார். விமானம் போய்விட்டது. நண்டுகளும் போய்விட்டன. நாற்றத்தோடு திரும்பிவந்த லொறியை நான் கழுவிக்கொண்டிருந்தபோது ராஜன் போன் எடுத்தார். கோபப்படவே இல்லை.

"இந்த ஒரு தடவைக்கு மட்டும் வங்காளதேசத்தில எடுத்துக்கிறோம், அக்கா."

புதுக் குரல்

டீசல் வந்தது. ஓடர் வரவில்லை. கிழமைக்குக் கிழமை கேட்டும் ராஜன் பிடிகொடுக்காமல் பேசினார். பிறகு பேசவே இல்லை. கம்பனிக்கு எடுத்தேன். ஓர் இளம்பெண் பேசினாள். ராஜன் வேலையை விட்டுப் போய்விட்டாராம். நான் கல்யாணத்தைச் சொன்னேன், இத்தனை வருடப் பழக்கத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"உங்க கம்பனி பேரை ஒரு தடவை எழுத்துக்கூட்டிச் சொல்றீங்களா, மேடம்?"

சிவலிங்கம் அண்ணன்

அன்று பகலே சிவலிங்கம் அண்ணன் நண்டுச் சாக்கோடு வந்தார். எங்களுக்கு மட்டுமே பிடித்துத் தருகிறவர். கணவர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் சாக்கை இறக்கவுமில்லை, உட்காரவுமில்லை. வேறு வியாபாரிகளிடம் கொடுத்துப் பாருங்கள் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்காகத்தானே தங்கச்சி அவங்களத் திருப்பி அனுப்பினன், இனி எந்த முகத்தோட அவங்கட வாசல்ல போய் நிக்கிற?"

இத்தனை வருட ஏற்றுமதியில் மிஞ்சியது என்ன என்று கேட்டால், எங்கள் வீட்டுக் கறிச்சட்டியில் இப்போது கொதிப்பது ஏற்றுமதித் தர நண்டு என்பது மட்டும்தான்.