ஆணியில் தொங்கிய வில்லை

தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில், சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்துத் தூணில் ஒரு ஆணி உண்டு. அதில் ஒரு தகர வில்லை தொங்கும். உள்ளங்கை அகலம், மேலே ஓட்டை, ஓட்டையில் ஒரு துண்டுச் சங்கிலி. எங்கள் லைனில் யார் கக்கூசுக்குப் போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆணி வெறுமையாக இருந்தால் யாரோ போயிருக்கிறார் என்று அர்த்தம். அவர் வந்து மாட்டும்வரை அடுத்தவர் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பிரஸ் நிற்கக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். வில்லை இல்லாமல் போனவருக்கு அன்றைக்கு ஆப்சென்ட்.

ஷிப்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் போர்டில் எழுதியிருக்கும் டார்கெட்டைப் பார்ப்பார்கள். நான் ஆணியைப் பார்ப்பேன்.

எனக்குப் பெருங்குடலில் புண். ஆறும், கொஞ்ச நாள் சும்மா இருக்கும், மறுபடி கிளம்பும். கிளம்பிவிட்டால் நனைந்த போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துப் பிழிவதுபோல் உள்ளே பிழியும். வெளியே வருவதில் பாதி ரத்தமாக இருக்கும். முறுக்க ஆரம்பித்த பிறகு அதனிடம் கெஞ்ச முடியாது. பிரஸ் மெஷினிலாவது இரண்டு கையால் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கித் தகட்டை அடிக்கும். கையை எடுத்தால் நின்றுவிடும். என் வயிற்றுக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை.

முதலில் எல்லோரும் மூலம் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து ஒரு இடத்துக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. என்னைக் குப்புறப் படுக்க வைத்து, ஒரு ஆள் காலை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொரு ஆள் எதையோ வைத்துச் சுட்டான். நான் கடித்த கடியில் தலையணை உறை கிழிந்தது. அடுத்த வாரம் ரத்தம் இரண்டு மடங்கானது. பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள், இது வேறு நோய், முழுசாகப் போகாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று. கையில் கொடுத்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். டாக்டர் அதிலிருந்த படத்தைக் காட்டினார். வெந்நீர் கொட்டிய தோல்போலச் சிவந்து உரிந்து கிடந்தது என் குடல்.

கம்பெனியில் சொல்லவில்லை. நான் கான்ட்ராக்ட் ஆள். சீக்காளி என்று தெரிந்தால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். அதைவிடப் பெரிது வெட்கம். எனக்கு இயல்பாகவே நாலு பேர் நடுவில் பேச வராது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே குரல் எழும்பாதவன், ஆம்பளைகள் நிறைந்த ஷாப்பில் இதை எந்த வார்த்தையில் சொல்வது?

உத்தனப்பள்ளி பக்கத்திலிருந்து கம்பெனி வண்டியில்தான் வருவேன். ஒரு நாள் பாதி வழியில் முறுக்கியது. டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். ரோட்டோரத் தக்காளித் தோட்டத்துக்குள் ஓடி, குச்சி ஊன்றிக் கட்டியிருந்த செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டார். "த்தூ, நீயெல்லாம் ஒரு மனுசனாடா?" என்று கல்லெடுத்து எறிந்தார். முதல் கல் முதுகில் பட்டது, இரண்டாவது காதுக்கு மேலே. எழுந்து ஓட முடியவில்லை, வயிற்றுப்போக்கு இன்னும் நிற்கவில்லை. கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வாங்கினேன். வண்டிக்குள் ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்பு.

அன்று மாலை வீட்டில் களி கிண்டியிருந்தார்கள். நோய் கிளம்பியிருக்கும்போது களி எனக்கு ஆகாது. ராகியின் தவிடு உள்ளே போய்ப் புண்ணைச் சுரண்டும். எனக்கென்று குழையவிட்ட சோறு தனியாக இருந்தது. ஆனால் அந்த வாசனையும், சுடச்சுட உருண்டையும், கீரைக் குழம்பும்! களி இருந்த தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். களி சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது.

என் மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தட்ட அடிச்சா உன் வயிறு ஆறிடுமா? கல்லால அடிச்சவனக் கேக்க வாயில்ல. சிரிச்சவனக் கேக்க வாயில்ல. செவுத்துகிட்ட வந்து வீரத்தக் காட்டற."

"பேசாத."

"நீ பேசாததால வந்த வெனதான்யா இதெல்லாம். கம்பெனில சொல்லித் தொல, எனக்கு இப்பிடி ஒரு நோவு இருக்குதுன்னு."

சொன்னால் வேலை போய்விடும் என்றேன். சொல்லாவிட்டால் நீ போய்விடுவாய் என்றாள். களியைச் சுரண்டி எடுத்து நாய்க்குப் போட்டாள்.

பக்கத்துப் பிரஸ்ஸில் வேலை செய்தவர் கர்நாடகா எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். தினமும் பைக்கில் வருவார். வீட்டில் கன்னடம், எங்களிடம் கன்னடம் கலந்த தமிழ். எல்லோரையும் 'குரு' என்பார். அகலமான ஆள், பேசினால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். என்னைக் கிண்டல் செய்வதில் அவருக்குத்தான் முதலிடம்.

"ஏன் குரு, உள்ள வீடு கட்டறியா? கிரகப்பிரவேசத்துக்கு எங்களயும் கூப்புடு!"

லைன் முழுக்கச் சிரிக்கும். நான் வில்லையை மாட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தகட்டை எடுப்பேன். ஆனால் போகப்போக அவர் சிரிப்பு குறைந்தது. நான் திரும்பி வரும்போது ஆணிக்குப் பக்கத்திலேயே நிற்பார். மாட்டுவதற்குள் என் கையிலிருந்து பிடுங்குவார். ஒருமுறை பிடுங்கிய வேகத்தில் வில்லையின் விளிம்பு என் விரலைக் கிழித்தது. "இது உங்கப்பன் சொத்தா? மத்தவனுக்கெல்லாம் வயிறு இல்லியா?" என்றார். அது கிண்டல் இல்லை. எதற்காக இவ்வளவு வெறி என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த நாள் எனக்குக் காலையிலிருந்தே மோசம். சாப்பாட்டுக்கு முந்தின நேரம், முறுக்கு கிளம்பியது. ஆணியில் வில்லை இருந்தது. நான் ஓடிப்போய்க் கை வைக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் கையும் வந்தது. க்ளவுஸைக்கூடக் கழற்றவில்லை.

"குரு, நான் மொதல்ல. ரெண்டே நிமிசம்."

அவர் மார்பில் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, வில்லையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

உள்ளே உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வலியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். கதவில் இடி விழுந்தது. ஒரு இடி, இன்னொரு இடி. மூன்றாவதில் தாழ்ப்பாள் திருகோடு பிய்ந்து என் நெற்றியில் வந்து அடித்தது. அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். பேண்ட் முழங்காலில் கிடந்தது. அப்படியே வெளியே இழுத்துப் போட்டு, முடியைப் பிடித்து முகத்தை டைல்ஸ் சுவரில் மோதினார். வாய்க்குள் ஏதோ உடைந்தது. கன்னடத்தில் என்னென்னவோ கத்தினார். வயிற்றில் ஒரு உதை. எந்த வயிற்றில்! கண் இருண்டு, ஒரு நொடி மூச்சே இல்லை.

பிறகு நடந்ததை நான் இன்றுவரை முழுசாக நம்பவில்லை. என் கைக்குள் வில்லை இருந்தது. அதன் விளிம்பால் அவர் முகத்தில் அடித்தேன். புருவம் வாய்போலப் பிளந்தது. அவர் பின்னால் சாய்ந்தார். நான் விடவில்லை. தோளில், கழுத்தில், தடுத்த கையில் எல்லாம் அடித்தேன். மூலம் என்று சுட்டவனை, கல்லெறிந்தவரை, ஜன்னல் ஜன்னலாகச் சிரித்தவர்களை, என் குடலையே பிடித்து அடிப்பதுபோல் அடித்தேன். நன்றாக இருந்தது. அதை மறைத்து எழுத மாட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

அவர் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். திருப்பி அடிக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், அவர் பேண்ட் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கீழே கிடந்த தண்ணீர் அல்ல அது.

"சக்கர, குரு," என்றார். ரத்தம் ஒரு கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "ரொம்ப வருசமா சக்கர. அடக்க ஆகறதில்ல. மெசின்லயே போயிடுச்சி. யாரும் பாக்கல, ஓடி வந்துட்டன்."

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் பிரஸ்ஸில் நிறுத்த மாட்டார்கள், கான்ட்ராக்டை முடித்துவிடுவார்கள். என்னைப்போலவே அவரும் வாயை மூடிக்கொண்டு, அந்த ஒரு வில்லையைப் பார்த்தே ஷிப்டை ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அது என் கையில்.

அவர் கக்கூஸ் பக்கம் பார்த்தார். பீங்கானில் என் ரத்தம் அப்படியே இருந்தது. என் காலிலும் வழிந்திருந்தது.

"நான் அடிச்சதுலயா?" என்று கேட்டார்.

"இல்ல. அது தினமும் வர்றது."

வெளியே ஆட்கள் ஓடி வரும் சத்தம். அவர் தட்டுத்தடுமாறி எழுந்து, நிறைந்திருந்த பக்கெட்டைத் தூக்கித் தன் இடுப்பில் பாதி கவிழ்த்தார். மீதியை என் காலில் ஊற்றினார். இரண்டு பேரும் சொட்டச்சொட்ட ஒரே மாதிரி ஆனோம். நான் பேண்டை ஏற்றிக்கொண்டேன்.

ஆபீஸ் அறையில் அதிகாரி எங்களைவிட வயதில் ரொம்பச் சின்னவர். மேசைமேல் வில்லையை வைத்திருந்தார், ரத்தத்தோடு. கதவோரம் சூப்பர்வைசர் நின்றார்.

"எதுக்குச் சண்ட?"

அவ்வளவு பெரிய குரல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த நிலை எனக்குத் தெரியும். நான் வருஷக்கணக்காக நின்ற இடம் அது.

"சொல்ல மாட்டீங்கன்னா ரெண்டு பேரும் கார்டக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

என் வாய் திறந்தது. உடைந்த பல்லோடு ரத்தமும் வந்தது.

"சார், எனக்குக் கொடல்ல புண்ணுங்க. வெளிய போறப்ப ரத்தமா போவும். ஆஸ்பத்திரி காயிதம் வீட்ல இருக்குதுங்க. உள்ளயே ரொம்ப நேரம் இருந்துட்டன். ஆளு விழுந்துட்டானோன்னு இவரு கதவ ஒடச்சாரு. நான் வெக்கத்துல அடிச்சிட்டன்."

சூப்பர்வைசர் கேட்டார், "அப்ப உன் பல்லு?"

"வழுக்கிட்டங்க."

அதிகாரி நம்பவில்லை. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "புண்ணுன்னா எவ்ளோ நாளா?" என்றார். சொன்னேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. களி, தக்காளித் தோட்டம், குழாய், எல்லாம். பக்கத்தில் நின்றவர் புருவத்தைத் துண்டால் அமுக்கிக்கொண்டு கேட்டார்.

மறுநாள் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டில் நிறுத்தவில்லை. ஆனால் பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்கிராப் யார்டில் இருக்கிறேன். வெட்டி மீந்த தகட்டுத் துண்டுகளைப் பிரித்துப் போடும் வேலை. எல்லாத் துண்டும் கத்தி. க்ளவுஸுக்குள்ளும் புகுந்து கையைக் கிழிக்கும். லைனில் வேலை செய்தவனுக்கு அது ஒரு படி கீழேதான். ஆனால் இங்கே வில்லை கிடையாது. யார்டு மூலையில் ஒரு பழைய கக்கூஸ் இருக்கிறது. தாழ்ப்பாள் கிடையாது, உள்ளேயிருந்து கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவர் லைனிலேயே இருக்கிறார். புருவத்தில் தையல் போட்ட கோடு இருக்கிறது. எனக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டீ நேரத்தில் சில நாள் யார்டு பக்கம் வருவார். நின்று குடிப்பார், போவார்.

போன வாரம் நோய் மறுபடி கிளம்பியிருந்தது. உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்கிராப் ஏற்ற வந்த லாரி டிரைவர் வெளியே கதவை உதைத்தார்.

"யோவ், செத்துட்டியா உள்ள? வெளிய வாய்யா!"

இரண்டாவது உதை விழவில்லை. அதற்குப் பதில் யாரோ யாரையோ தகரத்தில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல்.

"கதவுமேல கால் வெச்சே, கால ஒடச்சி உன் லாரிலயே ஏத்திடுவன். உள்ள ஆளு வீடு கட்டினு இருக்கறான். கட்டி முடிச்சிட்டு வருவான். அதுவரைக்கும் நில்லு."

"நீ யாருய்யா?"

"நானா? மேஸ்திரி!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு இன்னும் முறுக்கும். பல் போன இடத்தில் நாக்கை அழுத்தி அடக்கிக்கொண்டு, கதவை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.