கேஜின் உடைந்த முனை

என் மாமாவின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அப்போது எனக்குப் பத்து வயது. தப்பித்துக்கொள்வதற்காக வயதைச் சொல்லவில்லை.

அப்பா திருகோணமலைத் துறைமுகப் பக்கப் பட்டறையொன்றில், உருக்குக் கம்பிகளை இழுத்துப் பார்க்கும் இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தார். இழுபடும் கம்பி மயிரிழையளவு நீண்டாலும், அதில் பூட்டிய கேஜ் என்ற அளவுகருவி காட்டிவிடும். அதை வைத்துத்தான் கம்பியின் விறைப்பைக் கணிப்பார்கள். கேஜைப் பூட்டுவது அம்மாவின் தம்பியான மாமாவின் வேலை. கடற்காற்றில் துருப்பிடிக்கும் என்று வெள்ளிக்கிழமைகளில் அப்பா அதைப் பாலையூற்று வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைப்பார்.

ஒரு சனிக்கிழமை நான் அதை எடுத்து யன்னல் கம்பியில் பூட்டி, நான் தொங்கினால் முள் அசைகிறதா என்று பார்த்தேன். கேஜ் யன்னல் கம்பியைக் கீறிக்கொண்டு கழன்று சீமெந்துத் தரையில் விழுந்தது. கம்பியைக் கவ்வும் இரண்டு கத்திமுனைகளில் ஒன்று மணலளவு உடைந்திருந்தது. துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

திங்கள் முதல் எல்லாக் கம்பியும் வழமையைவிட விறைப்பாக வந்தது. உடைந்த முனை வழுக்கி, நீட்சியைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. உருக்கு எதுவானாலும் விறைப்பின் எண் பெரிதாக மாறாது. மாறினால் பிழை அளப்பதில்தான். இது அப்பாவுக்குத் தெரியும். இயந்திரத்தின் கவ்விகளை மாற்றினார். கம்பி நேராக நிற்கிறதா என்று குண்டுநூல் பிடித்தார். தன் அலுமாரியில் இருந்த கேஜை மட்டும் சந்தேகிக்கவில்லை. மிஞ்சியது மாமாவின் கை.

“அத்தான், எப்பவும் பூட்டுற கைதான்,” என்றார் மாமா, எங்கள் வீட்டுக்கு வந்து.

“கை அதுதான். நிலாவெளியில உனக்குப் பொம்பிளை பேசின நாளிலயிருந்து கவனம்தான் அங்க நிக்குது,” என்றார் அப்பா.

“அப்ப நீங்களே பூட்டிப் பாருங்கோவன்.”

நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

மாமாவைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்து, அவர்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்திய பிறகுதான் அப்பா தானே பூட்டிப் பார்த்தார். எண் அப்போதும் பிழை. அதன்பின்தான் கேஜின் முனையைப் பார்த்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து, யன்னல் கம்பியில் இருந்த கீறலை நெடுநேரம் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தப்பினேன் என்று நினைத்தேன்.

மாமாவின் இடத்துக்கு அதற்குள் வேறொருவர் வந்துவிட்டார். வேலையில்லாதவனுக்குப் பெண் இல்லை என்று நிலாவெளியார் சொல்லிவிட்டார்கள். மாமா இறக்கக்கண்டிக்குப் போய் வலை இழுத்தார். எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை. வேலை போன கோபம் என்றே எண்ணினேன்.

அப்பா இறந்து பல வருடங்களின் பின், சென்ற மாதம், மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதிரையில் சாய்ந்தபடி கேட்டார்.

“உன்ர அப்பர் அந்தக் கிழமையே என்னட்ட வந்தவர். கேஜைத் தான் கைதவறி விழுத்திப்போட்டு, பயத்தில பழியை என்ர தலையில போட்டதெண்டு சொன்னவர். மூஞ்சையில காறித் துப்பினனான். அவற்ர செத்தவீட்டுக்கும் நான் வரேல்ல,” என்றார்.

“என்னை மன்னியுங்கோ மாமா.”

“உன்னையோ? நீ சின்னப்பிள்ளை. நான் ஆரிட்டப் போய் மன்னிப்புக் கேக்கிறது?”

அதன்பின் இரண்டு முறை போனேன். உள்ளே இருந்துகொண்டே, நித்திரை என்று சொல்லியனுப்பினார்.