பொலாட்டா இறக்கிய தூண்டில்

வடதுருவத்தை ஒட்டிய சாட்டுட் தீவின் மீன் கூடத்தில் தலையறுக்கும் மேசை பொலாட்டாவுடையது. சுவருக்கு அப்பால் நாய்கள் குரைத்தாலும் அவள் சிரிப்பு தனியாகக் கேட்கும். கைக்குக் கை மீனை வாங்கி, ஒரே இழுப்பில் தலையைத் தள்ளி, குடலை வழித்து, அடுத்த மேசைக்கு விடுவாள். மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடற்கழியான ஃபியோர்டின் வடக்கே இன்னொரு குடியிருப்பில் பிறந்தவள். ஏனோக்கைக் கட்டிக்கொண்டு நாய்கள் பனியில் இழுத்தோடும் அவன் சறுக்குவண்டியில் ஏறி இந்தத் தீவுக்கு வந்தாள். பிள்ளை இல்லை.

அவர்களுக்குச் சோறு போட்டது ஆழத்துத் தட்டைமீன். மற்றத் தட்டைமீன்கள் ஒரு பக்கம் வெளுத்து, அந்தப் பக்கம் கீழாகத் தரையில் ஒட்டிக் கிடக்கும். இதற்கு இரண்டு பக்கமும் கறுப்பு. குஞ்சுப் பருவத்தில் இடது கண் மேலே நகரத் தொடங்கி, மறுபக்கம் போய்ச் சேராமல் நெற்றி உச்சியிலேயே நின்றுவிடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மற்ற மீன்களைப் போல நிமிர்ந்தே நீந்தி, இருட்டில் இரை தேடித் திரியும். குளிர் குறையாத ஆழம் வேண்டும் அதற்கு. பொலாட்டா அறுத்த மீன் கணக்கில் அடங்காது. முற்றிய சினையோடு ஒன்றைக்கூட அவள் கண்டதில்லை.

"இதுங்க பொறக்குறது வெளிக்கடல்ல. குஞ்சா இருக்கையில நீரோட்டம் இழுத்துட்டு வந்துடும். உள்ள வந்தது திரும்பிப் போறதில்ல" என்று ஏனோக் ஒருநாள் சொன்னான்.

"என்னை மாதிரின்னு சொல்லு" என்றாள் அவள்.

"உனக்குக் கண்ணு ரெண்டும் சரியாத்தான் இருக்கு. அப்புறம் எப்படி என்னைக் கட்டிக்கிட்டே?"

அவர்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான் போகும்.

தீவுக்குக் கிழக்கே இரண்டு பாறைகளுக்கு நடுவில் கடல் மிக ஆழம். அங்கே பனி கெட்டியாக உறையும். மீனும் பெரிது. ஏனோக் பனியில் குத்தித் தூண்டில் இறக்கும் துளை அங்கேதான் இருந்தது. ஒரு மார்ச் மாதம், நல்ல வெயிலில், பக்கத்தில் உறைந்து நின்ற பெரிய பனிமலை ஒன்று திடீரெனப் புரண்டது. அது எழுப்பிய அலையில் பனித்தரை பிளந்து கவிழ்ந்தது. ஏனோக் வண்டியோடும் நாய்களோடும் கடலுக்குள் போய்விட்டான். தூரத்தில் இருந்த அவன் தம்பி மலாக்கியாஸ் வந்து சேர்ந்தபோது அங்கே உடைந்த பனியும் ஒரு கையுறையும்தான் மிதந்தன. ஆண்கள் நாள் கணக்கில் கொக்கி இறக்கித் தேடினார்கள். அந்த ஆழத்தில் கொக்கி எதைப் பிடிக்கும்? தேவாலயத்தில் சவப்பெட்டி இல்லாமலே பாடி முடித்து, மேட்டில் ஒரு வெள்ளைச் சிலுவை மட்டும் நட்டார்கள்.

அந்தக் கோடையில் மலாக்கியாஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இறந்தவர் பெயரை அடுத்துப் பிறப்பதற்கு வைப்பது வழக்கம், ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. குழந்தைக்கு ஏனோக் என்று பெயரிட்டார்கள். பொலாட்டா சீல் என்னும் கடல்விலங்கின் தோலில் சின்னக் காலணி தைத்து எடுத்துப் போனாள். தொட்டிலைக் குனிந்து பார்த்து, "வந்துட்டியா? இந்தத் தடவை மீசை இல்லாம வந்திருக்கியே" என்றாள். மலாக்கியாஸின் மனைவி தபிதா சிரித்துக்கொண்டே அழுதாள். பொலாட்டா அழவில்லை. அடக்கத்தன்றும் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த குளிர்காலம் கடல் உறைந்தது. கூடத்துக்கு வரும் மீன் சிறுத்தது, குறைந்தது. மேசையில் பாதி நேரம் கத்தி சும்மா கிடந்தது.

"என்னப்பா, இதெல்லாம் பால்குடி மறக்காத குஞ்சு. பெருசு எங்க?" என்று மீன் இறக்க வந்த சக்கேயுஸைக் கேட்டாள். அவன் ஏனோக்கின் கூட்டாளி, நெட்டை மனிதன், பேச்சு குறைவு.

"இடம் மாறிடுச்சு போல" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

பிப்ரவரிக் கடைசியில் மலாக்கியாஸ் பனி உடைந்து விழுந்தான், தெற்கு முனையில், நீரோட்டம் அடியில் ஓடி பனியை அரிக்கும் இடத்தில். வண்டிக் கயிற்றை அவன் விடவில்லை. நாய்கள் இழுத்துக் கரையேற்றின. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது கால் விரல்கள் மெழுகாக வெளுத்திருந்தன.

பொலாட்டா போய்ப் படுக்கையருகே உட்கார்ந்தாள். "அந்த முனைக்கு ஏண்டா போனே? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, அங்க பனி நிக்காதுன்னு."

மலாக்கியாஸ் சுவரைப் பார்த்தான். "மீன் அங்கதான் அண்ணி."

அடுப்பருகே நின்ற தபிதா பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "பொய் சொல்லாதீங்க! அக்கா, மீன் பாறைக்கு நடுவுலதான் இருக்கு. எப்பவும் போல. யாரும் அங்க தூண்டில் போடுறதில்ல. உங்க முகத்தைப் பாத்துட்டுப் போட முடியலையாம். அங்க புடிச்ச மீனை நீங்க அறுக்கணுமேன்னு..."

"வாயை மூடு தபிதா."

"மூட மாட்டேன். உங்க அண்ணனைக் குடுத்தாச்சு. உங்களையும் குடுக்கச் சொல்றீங்களா?"

ஊர் முழுக்க இதைத் தன்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறது என்பது பொலாட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மௌனத்தின் அடியில் இருந்ததும் புரிந்தது. ஏனோக் போன அந்த ஆழத்தில் சுறாக்கள் உண்டு. எல்லோருக்கும் தெரியும்.

"உன் நாய்களைக் குடு மலாக்கியாஸ்" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"குளிப்பாட்டத்தான். வேற எதுக்குக் கேப்பாங்க?"

மறுநாள் காலை அவள் வண்டி பூட்டியதைக் கண்டு சக்கேயுஸ் ஒன்றும் கேட்காமல் தன் வண்டியைப் பூட்டினான். வேறு சிலரும் தூரம் விட்டுப் பின்தொடர்ந்தார்கள்.

பாறைகளுக்கு நடுவே அவள் நீண்ட உளியால் பனியைக் குத்தித் துளை போட்டாள். சக்கேயுஸ் கை நீட்டினான். அவள் தரவில்லை. நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலின் கிளைக்கயிறுகளில் சிறுமீன் இரை கோத்தாள். முனையில் தகரத் தகட்டைக் கட்டி இறக்கினாள். தகடு நீருக்குள் சாய்ந்து வழுக்கிக்கொண்டு கயிற்றைத் தூரமாக இழுத்துப் போயிற்று. கயிறு போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு ஆழம் என்று அவள் கேட்டிருக்கிறாள், கையால் அறிந்தது அன்றுதான்.

சில மணி நேரம் கழித்து, கையால் சுற்றும் சுருளில் கயிற்றை ஏற்றத் தொடங்கியபோது முதலில் பெரிய தட்டைமீன்கள் வந்தன. கறுத்து, கனத்து, நெற்றிக் கண் விழித்தபடி. பிறகு தலை மட்டும் மிஞ்சிய ஒன்று. அதற்குப் பின் சுருள் நின்றுவிட்டது. இருவர் சேர்ந்து சுற்றவேண்டியிருந்தது.

"சுறா. அறுத்து விட்டுடு பொலாட்டா. கயிறு போனா போகுது" என்றான் சக்கேயுஸ்.

"இழு."

துளையை அகலப்படுத்தி, ஆறு பேர் கொக்கி போட்டு இழுத்து அதைப் பனிமேல் கிடத்தினார்கள். உடம்பெல்லாம் கயிறு சுற்றிக்கிடந்தது. இரண்டு நாய்வண்டி நீளம். சாம்பல் நிறம், உப்புத்தாள் போலச் சொரசொரத்த தோல். கண்களில் புழு தொங்கியது. கண் கெட்டும் மோப்பத்தில் பிழைத்த கிழம். இந்தச் சுறாக்கள் வருஷத்துக்கு விரற்கடைகூட வளர்வதில்லை. இது பிறந்தபோது தீவில் தேவாலயம் இருந்திருக்காது. அது துள்ளவில்லை. வாயை மெதுவாகத் திறந்து மூடியது. சக்கேயுஸ் தலைக்குப் பின்னால் கத்தியை இறக்கி அதன் உயிரை முடித்தான். ஒருவன் ஓடிப்போய் நாய்களைத் தள்ளிக் கட்டினான். சுறா இறைச்சியைக் காயவைக்காமல் பச்சையாகத் தின்றால் அவை குடிகாரன் போலத் தள்ளாடி விழும்.

"கத்தியைக் குடு" என்றாள் பொலாட்டா.

"வேண்டாம். நீ அந்தப் பக்கம் போ. நான் அறுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

"நீ அறுத்தா, நீ சொல்றதை நான் நம்பணும். நீ நல்லவன். என்ன கிடந்தாலும் ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லுவே."

அவன் கத்தியைக் கொடுத்தான்.

கூடத்தில் ஆயுள் முழுக்க வயிறு கிழித்த கை அது. இரைப்பையைத் திறந்து, கையுறையைக் கழற்றி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். அவளுடைய கொக்கியிலிருந்தே திருடிய மீன்கள். சீலின் துடுப்பு ஒன்று. கூழாங்கல். ஒரு பறவையின் சிறகு. மறுபடி கைவிட்டு மூலை முடுக்கெல்லாம் தடவினாள். வேறொன்றும் இல்லை. பனியில் அப்படியே உட்கார்ந்தாள். அங்கேதான், ஊர்க்காரர்கள் பார்க்க, முழுக் குரலெடுத்து அழுதாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

வெகுநேரம் கழித்துப் பனியை அள்ளிக் கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னாள்: "இதுல இல்ல. வேற ஒண்ணுல இருக்கலாம். எதுலயும் இல்லாமலும் போயிருக்கலாம். ஒவ்வொண்ணையும் அறுத்துப் பாத்துட்டிருக்க எனக்குத் தெம்பு இல்ல, பாக்கவும் மாட்டேன். நல்ல பனியை விட்டுட்டு ஓட்டைப் பனிக்குப் போறவனை ஏனோக் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

சக்கேயுஸ், "மடப்பயலேன்னு" என்றான்.

"அதுக்கு மேலயும் சொல்லியிருப்பான். தேவாலயத்துக்குப் போற ஆளுங்க முன்னாடி சொல்ல வேண்டாம்."

அன்று மாலை மலாக்கியாஸ் வீட்டில் அவளே அந்தத் தட்டைமீனை வேகவைத்தாள். கொழுப்பு திரண்ட கன்னத்துண்டும் வாலும் பெரிய தட்டில் ஆவி பறக்கக் கிடந்தன. வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். ஒரு கையும் தட்டுக்குப் போகவில்லை. பொலாட்டா உட்கார்ந்து, கன்னத்துண்டை எடுத்து வாயில் போட்டு நன்றாக மென்று விழுங்கினாள். ஒரு துணுக்கை முள் பார்த்து நசுக்கி, தபிதாவின் மடியில் இருந்த குழந்தை ஏனோக்கின் வாயில் வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு கையை நீட்டி இன்னும் கேட்டது.

"பாத்தீங்களா? இவனே கேக்குறான்" என்றாள் பொலாட்டா.

சக்கேயுஸ் முதலில் உட்கார்ந்தான். பிறகு மற்றவர்கள்.

அந்த வாரமே பாறைகளுக்கு நடுவில் துளைகள் வரிசையாக விழுந்தன. மலாக்கியாஸ் இரண்டு கால்விரல்களை இழந்தான். நொண்டியபடியே அடுத்த வருஷம் வண்டி ஓட்டினான். பொலாட்டா கூடத்து வேலையை விட்டுவிட்டாள். நாய்க்குட்டிகளை வாங்கி வளர்த்து, மூட்டுகள் மறுக்கும்வரை பல குளிர்காலங்கள் ஆண்களோடு பனிக்குப் போனாள். சுறா மாட்டினால் மற்றவர்களைப் போலவே நடந்துகொண்டாள்: கயிற்றை மீட்பாள், ஈரலை எடுப்பாள், இறைச்சியை நாய்களுக்காகக் காயப்போடுவாள். இரைப்பையை மட்டும் திறக்கமாட்டாள். அப்படியே வெட்டித் துளைவழியே கீழே விட்டுவிடுவாள். ஏன் என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.