மண்மேட்டின் மேல் நான் போட்ட பழி

ஆண்டவரை நம்பியிருக்கும் அன்பானவர்களே, ரத்தம் பட்ட கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்தவர் சுகத்துக்காக ஜெபித்தவள் நான். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில், மாரிகுப்பம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பதினோரு வருஷமாக வீடுவீடாகப் போய் ஊழியம் செய்கிறேன். தனி ஆள். போன ஜூலையில் இருமல் வந்தது. இங்கே காற்றடிக்கும் மாதங்களில், தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டுத் தூசி சோற்றுத் தட்டு வரைக்கும் வரும், ஊரே இருமும். "மேட்டு மண்ணு ஒத்துக்கல" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பப் பார்த்தேன்.

காற்று நின்றது. இருமல் நிற்கவில்லை. ரவிக்கை தொளதொளத்தது. செப்டம்பரில் ரத்தம் வந்தது.

டாக்டரிடம் போகவில்லை. 'ஊழியக்காரிக்கே வியாதியா' என்று கேட்டால் எந்த முகத்தோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது? யாருக்கும் தெரியாமல் சுகமாக்கும் ஆண்டவரே என்று அழுதேன். பதில் இல்லை. என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

லட்சுமி வீட்டுக்கு வியாழன்தோறும் போவேன். அவர்கள் இந்துக் குடும்பம். கணவர் காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்விடுவார். அவளுடைய எட்டு மாதக் குழந்தை திவ்யா என் மடியில்தான் இருப்பாள். ஒரு வியாழன் ஜெபத்தின் நடுவே இருமினேன். கைக்குட்டை எடுப்பதற்குள் புடவையெல்லாம் ரத்தம்.

"இன்னாக்கா இது? இதுவும் மேட்டு மண்ணா?"

முந்தானையால் ரத்தத்தை மூடப் பார்த்தேன்.

"கொயந்தைய குடுங்க."

பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்றேன். என் மூச்சு அந்தப் பிஞ்சின் முகத்தில் எத்தனை வியாழன் பட்டிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. செத்துவிடலாம் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்க எல்லாருக்கும் சொகம் வேணும்னு வேண்டிக்கினீங்களே, உங்க ஒடம்பப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? காலைல கோலாருக்குப் போலாம். ரெடியா இருங்க."

கோலார் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்தார்கள். டிபி. குழந்தையையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். முடிவு வர நான்கு நாள். நான் சாப்பிடவில்லை. எனக்குச் சுகம் கேட்பதை விட்டுவிட்டேன். "பொய் சொன்னவள் நான். என்னை எடுத்துக்கொள்ளும், அந்தப் பிஞ்சை விட்டுவிடும்." நான்கு நாளும் இந்த ஒரே ஜெபம்தான்.

ஐந்தாம் நாள் லட்சுமி போன் செய்தாள். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லக்கா. தடுப்புக்கு மருந்து மட்டும் குடுத்துருக்காங்க." தரையில் விழுந்து கதறினேன். முதல் முறையாக ஒளிவுமறைவில்லாமல் அழுதேன்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தினமும் வேகவைத்த முட்டையோடு வந்து, நான் மாத்திரையை விழுங்கும் வரை லட்சுமி நிற்பாள். ஒரு நாள் கண்ணை மூடி, "இயேசப்பா, இந்தக்காவ பாத்துக்கோ" என்றாள். பதினோரு வருஷத்தில் எனக்காக ஒருவர் ஜெபித்து நான் கேட்டது அன்றுதான். அதுவரை யாரையும் எனக்காக ஜெபிக்கவிடாமல் வைத்திருந்தது நான்தான்.

இப்போது சளியில் கிருமி இல்லை. எந்த வீட்டிலும் என் கஷ்டத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஜெபிக்கிறேன். நீங்களும் மறைக்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், அடுத்த வீட்டிலும் சொல்லுங்கள். அவர் அந்த வீட்டிலிருந்தும் பதில் அனுப்புவார்.

போன வியாழன் பழக்கதோஷத்தில் லட்சுமி வாசலிலேயே தள்ளி நின்றேன். அவள் வந்து திவ்யாவை என் கையில் திணித்தாள்.

"புடிங்கக்கா, அடுப்புல கொயம்பு இருக்குது."