சீனடிச் சஞ்சிகையின் எதிராளி

எங்கள் வீட்டு ஹோலில் ஒரு சஞ்சிகை குடியிருந்தது. அயலவர்கள் அதை அடிதடிப் புத்தகம் என்பார்கள். சீனடி, சிலம்படி, கராத்தே என்று கையும் கம்பும் சம்பந்தப்பட்ட சகலதும் அதில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதாக அட்டையில் போட்டிருக்கும், ஆனால் நினைத்தபோதுதான் வரும். நடத்தியவர் என் கணவர். கல்முனையில் கணிதம் படிப்பித்த வாத்தியார், இளவயதிலிருந்தே சீனடி பழகியவர். சஞ்சிகையின் வரலாற்றை யாராவது கேட்டால் முதலாவது அட்டைப்படம், சீனடி ஆசான்களான அண்ணாவிமாரின் பேட்டிகள் என்று ஆரம்பிப்பார். எனக்குத் தெரிந்த வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி.

முதல் இதழுக்கு ஒரு பூட்டைப் படமெடுக்க வேண்டியிருந்தது. பூட்டு என்றால் எதிராளியின் கையை அசையவிடாமல் முறுக்கிப் பிடிப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். வருவதாகச் சொன்னவர் வரவில்லை. கமராவோடு வந்திருந்த என் தம்பி காத்துக் களைத்துப்போனான். இவர் என்னைப் பார்த்தார்.

"கை மட்டுந்தான் புள்ள. முகம் வராது."

வெளிச்சம் நன்றாயிருக்கும் என்று கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். அவருடைய நீளக்கைச் சேர்ட்டை என் உடுப்புக்கு மேலால் போட்டுக்கொண்டு நின்றேன். இவர் என் கையை முறுக்கினாரோ இல்லையோ, கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"பொண்டாட்டிக்குக் கை நீட்டுறியா? வெக்கமில்லயா உனக்கு?"

"படத்துக்குக் காக்கா, படத்துக்கு!" என்று தம்பி வந்தவர்களில் மூத்தவரிடம் கமராவைத் தூக்கிக் காட்டினான். அது இன்னும் வினையாகப் போயிற்று.

"அடிக்கிறதும் காணாம படமும் புடிக்கிறீங்களாடா?"

விளக்கம் சொல்லித் தப்பி வந்ததே பெரும்பாடு. அதன் பிறகு எல்லாப் படமும் ஹோலில்தான் எடுத்தோம்.

இப்படித்தான் நான் சஞ்சிகையின் நிரந்தர எதிராளி ஆனேன். கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு, கீழே 'ஆசிரியரும் மாணவர் ஒருவரும்' என்று போடுவார்கள். ஒருமுறை ஆலையடிவேம்பிலிருந்து ஒரு கராத்தே மாஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அந்த மாணவன் நல்லா விழுறான் சேர். எங்கட கிளப்புக்கு ஒருக்கா அனுப்புங்களன்." அன்று மீன் கழுவிக்கொண்டிருந்த மாணவன் சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும்.

வாசகர்களுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. பூட்டுப் போடுவதைக் காட்டுகிறீர்கள், பூட்டிலிருந்து கழலும் வழியைக் காட்டுவதில்லையே என்பார்கள். சீனடி படிப்பிக்கிற அண்ணாவிமாரின் வழக்கம் அது. பூட்டை யார் பார்த்தாலும் பரவாயில்லை. கழலும் வழியை அண்ணாவி தன் சொந்தச் சீடனுக்கு, அதுவும் கையைப் பிடித்துத்தான் காட்டுவார். அதை அச்சில் போடுவதில்லை என்று இவர் ஒவ்வொரு அண்ணாவிக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு என்றால் வாக்குத்தான் இவருக்கு. எனக்குக்கூட ஒன்றையும் சொல்லித்தந்ததில்லை.

ஆனால் என் கையைப் பூட்டி வைத்துக்கொண்டே இவரும் தம்பியும் வெளிச்சம் போதுமா, ஜன்னலைத் திறப்பதா என்று வாக்குவாதப்படுவார்கள். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வரும். எவ்வளவு நேரம்தான் சிலை மாதிரி நிற்கிறது? தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, இழுக்காமல் இவர் பக்கமே ஓர் எட்டு வைத்து, கழன்று அடுப்படிக்குப் போய்விடுவேன். தான்தான் விட்டுவிட்டதாக இவர் நினைத்துக்கொள்வார்.

எங்கள் மகளுக்குப் போன வருடம் கலியாணம் பேசி வந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குப் போகும். என் உம்மா எனக்குத் தந்த வீடு இது, இனி மகளுக்கு. மாப்பிள்ளை இங்கேதான் வந்து இருப்பார். நாங்கள் வளவின் பின்பக்கத்தில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியுமாகக் கட்டிக்கொண்டோம். மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். எல்லாம் பிடித்திருந்தது, ஹோலைத் தவிர.

"ராத்தா, இந்தப் புத்தகக் கட்டுகள் இஞ்ச கிடக்கேலா. அடிதடிக்காரர் வந்து போறதும் சரிவராது. புதுசாக் கலியாணம் முடிச்சு இரிக்கப்போற வீடு."

"ஓம், எடுத்திருவம்" என்றார் இவர், நான் வாய் திறப்பதற்கு முன்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஊருக்கெல்லாம் அடிக்கவும் தடுக்கவும் எழுதுகிற மனிசன், தன்னுடைய சஞ்சிகைக்காக ஒரு சொல் சொல்லவில்லை. பிறந்த வீட்டைக் கூடப்பிறந்த ராத்தாமாருக்கு விட்டு வந்தவர். இதையும் இப்போது விடுகிறார். ஆம்பிளைகளுக்கு இங்கே எந்த வீடும் சொந்தமில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சஞ்சிகையோடு நான் பட்ட எரிச்சல் கொஞ்சமில்லை, ஆனாலும் அன்றைக்கு அழுகை வந்தது.

பழைய இதழ்களை மருதமுனைக் கைத்தறிச் சாரத் துணிகளில் மூட்டையாகக் கட்டினார். கடைசி இதழுக்கான ஆசிரியர் தலையங்கத்தை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். கழலும் வழிகளைத் தராமலேயே விடைபெறுகிறோம், வாசகர்கள் மன்னிக்க வேண்டும் என்று முடிந்திருந்தது.

ஹோல் வெறுமையாய்க் கிடந்தது. சுவரில் கட்டுகள் சாய்ந்திருந்த இடம் மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தது.

"கையப் பூட்டுங்க" என்றேன்.

"என்னத்துக்கு இப்ப?"

"பூட்டுங்க எண்டுறன். இறுக்கிப் பூட்டுங்க, போன கிழமை செத்த கோழியப் புடிக்கிற மாதிரிப் புடிக்காம."

பூட்டினார். தோளைத் தாழ்த்தினேன், அவர் பக்கம் ஓர் எட்டு வைத்தேன். கை வெளியே வந்துவிட்டது. அவர் தன் வெறுங்கையைப் பார்த்தார். வேறொரு பூட்டைப் போட்டார், அதிலிருந்தும் வந்தேன். இன்னொன்றைப் போட்டார். மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது ஆர் சொல்லித்தந்தது? எந்த அண்ணாவிட வழியும் இப்பிடி இல்ல."

"ஒருத்தரும் சொல்லித்தரல்ல. சோறு கருகினா வழி தானா வரும்."

"அப்ப இது..."

"என்ட வழி. நான் ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கல்ல. நீங்களும் இத அச்சில போடமாட்டன் எண்டு எனக்கு வாக்குத் தரல்ல."

தரையிலிருந்து எழும்பினார். பிறகு, "எத்தனை பூட்டுக்கு இரிக்கி?" என்று கேட்டார்.

"நீங்க போட்ட எல்லாத்துக்கும்."

"யா அல்லாஹ்" என்றார். தலையங்கத் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "கட்டெல்லாம் எங்க வைக்கிறது? ஹோல் இல்லயே."

"பின் அறையில, என்ட கட்டிலுக்குக் கீழ. அந்த அறைய நான் ஒருத்தருக்கும் சீதனம் குடுக்கல்ல."

சத்தம் கேட்டு மகள் வந்தாள், கையில் போன். படம் எடுக்கச் சொன்னோம். நான் சேர்ட்டைத் தேடவில்லை. முந்தானையைத் தலைக்குச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினேன். எடுத்து முடித்ததும் மகள் திரையைப் பார்த்தபடி வழக்கம்போலக் கேட்டாள்.

"தலைய வெட்டிரவா உம்மா?"

இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வெட்டாத" என்றேன். "கீழ மாணவர் எண்டும் போடாதீங்க."