சீஸுக்கு என்ன உறை?

ஹாலந்தில் மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அடுப்பு பற்றவைப்பதில்லை. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. பட்டறையில் மணி அடித்ததும் டப்பாவைத் திறப்போம். இரண்டு ரொட்டித் துண்டு, நடுவில் ஒரு வில்லை சீஸ். ரொட்டியும் குளிர்ந்திருக்கும், சீஸும் குளிர்ந்திருக்கும், கூடக் குடிக்கிற பாலும் குளிர்ந்திருக்கும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே இதைக் கடித்தபடி சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். வந்த புதிதில் பக்கத்து மெஷின்காரர், "உங்கள் நாட்டில் மதியம் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். சூடான சோறு, குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "அவ்வளவையும் தின்றுவிட்டு எப்படி வேலை செய்வீர்கள், பாவம்?" என்றார். நானும் அவர் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்து அதே இரக்கத்தில்தான் இருந்தேன்.

அந்தச் சீஸ்தான் எனக்குக் கல்யாணமும் செய்துவைத்தது. சனிக்கிழமைச் சந்தையில் அன்னெகெ தன் அப்பாவின் சீஸ் கடையில் நிற்பாள். அங்கே ருசி பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. கத்தியால் மெல்லிசாக ஒரு சீவல் சீவி நீட்டுவாள். நீட்டிவிட்டு நம் முகத்தையே பார்ப்பாள். வாய் என்ன சொல்லும் என்று காத்திருக்க மாட்டாள், முகத்திலேயே பதிலைப் படித்துவிடுவாள். நான் வாங்கியதைவிட ருசி பார்த்ததுதான் அதிகம். "இனி உன்னைக் கல்யாணம் செய்துகொள்வதுதான் கடைக்கு நஷ்டம் குறைவு" என்று ஒருநாள் அவளே சொன்னாள்.

தொண்ணூற்றொன்று மாசியில் நாங்கள் இருவரும் ஊருக்குப் போனோம். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் எங்கள் வீடு. அப்பா தவறிய பிறகு பூட்டிக் கிடந்தது. அப்போது ஒரகடம் என்றால் ஏரி, வயல், பஸ் நிற்கிற ஒரு மரம், அவ்வளவுதான். ஹாலந்தை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாமா என்று பார்க்கத்தான் அந்தப் பயணம். ஆசை என்னுடையது. அன்னெகெ ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அங்கே நான் எப்போதும் விருந்தாளியாகவே இருந்துவிட்டால் வர மாட்டேன்."

ஆனால் விருந்தாளியாகத்தான் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மாணிக்கம் என்னோடு ஏரியில் நீச்சல் கற்றவன். ஒரு மாடும் கொஞ்சம் நிலமும் வைத்திருந்தான். அவன் மனைவி செல்வி மூன்று வாரமாக வேளாவேளைக்கு எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். அன்னெகெ ஒரு தட்டைக் கழுவக் கை நீட்டினால்கூட, "நீங்க உக்காருங்கண்ணி" என்று பிடுங்கிக்கொள்வாள். ஒருநாள் அன்னெகெ கண்கலங்கியபடி என்னிடம் சொன்னாள், "இந்தப் பெண்ணுக்கு நான் ஒருவேளையாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இது எனக்கு வீடு இல்லை."

பெட்டியில் மெழுகு பூசிய மூன்று சீஸ் கொண்டுவந்திருந்தாள். ஓர் இளசு, சீரகம் போட்டது ஒன்று, வருஷக்கணக்கில் முற்றவிட்டது ஒன்று. ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் வைத்துப் பிள்ளையைப் போலக் காப்பாற்றி வந்தாள். நண்பர்களை அழைத்து ருசி பார்க்கும் மாலை ஒன்று நடத்துவதென்று முடிவானது. சனிக்கிழமை என்று நான்தான் நாள் குறித்தேன். ஹாலந்தில் எதற்கும் சனிக்கிழமைதான். அன்றைக்குக் கிருத்திகை என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

மாணிக்கமும் செல்வியும் வந்தார்கள், வாலாஜாபாத்தில் வாத்தியாராக இருந்த ஜோசப்பும் வந்தான். செல்வி வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு நேராக வந்திருந்தாள். மகளுக்கு வலிப்பு நின்றதிலிருந்து கிருத்திகை தவறாமல் விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான், விளக்கு வைத்த பிறகு பாலும் பழமும். "சீசுன்னா பால்தானேண்ணா? அதான் இன்னிக்கு வூட்ல ஒண்ணும் வெக்கல. அண்ணி கையாலயே விரதத்த முடிச்சிக்கலாம்னு வந்துட்டேன்" என்றாள். நான் அதை மொழிபெயர்த்ததும் அன்னெகெயின் முகம் சிவந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

வாழையிலைத் துண்டுகளில் மூன்றையும் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் கொய்யாப் பழமும் பன்னும். இளசிலிருந்து தொடங்க வேண்டும், முற்றியது கடைசியில் என்று கையாலேயே விளக்கினாள். மாணிக்கம் இளசை மென்றுவிட்டு, "இன்னாடா, சோப்பு மாதிரி கீது" என்றான். சீரகச் சீஸ் வந்ததும் ஜோசப் கண்ணை மூடிக்கொண்டு, "ரசத்துக்கு சொந்தக்காரன் மாதிரி தெரியுதே" என்றான். முற்றியதை, "கள்ளுக்கு நல்லா இருக்கும்" என்று மாணிக்கம் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தபடி சொன்னான். அன்னெகெ அவர்கள் முகங்களைச் சந்தையில் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி மட்டும் இலையைக் கையில் ஏந்தியபடி விளக்கு வைக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தாள்.

காத்திருந்த நேரத்தில், மாடு வைத்திருப்பவளுக்கு வரவேண்டிய சந்தேகம் அவளுக்கு வந்தது. "ஏண்ணா, தயிருக்கு மோர் உறை ஊத்தறோம். இத்துக்கு இன்னா உறை ஊத்துவாங்க?"

அது எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் தின்றிருக்கிறேன், கேட்டதில்லை. அன்னெகெயிடம் திரும்பிக் கேட்டேன். "ஸ்ட்ரெம்செல்" என்று சொல்லத் தொடங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டாள். செல்வியின் நெற்றியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த இலையைப் பார்த்தாள். அடுத்த கணம் பாய்ந்து போய் அந்த இலையைப் பிடுங்கிவிட்டாள்.

நம் ஊரில் விருந்தாளி கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். செல்வியின் கை வெறுமனே அந்தரத்தில் நின்றது. "இன்னாடா இது? கைல குட்த்துட்டு புடுங்கறாங்க!" என்று மாணிக்கம் எழுந்துவிட்டான். அன்னெகெ டச்சில் கொட்டினாள். பால் குடிக்கிற கன்றை அறுத்து, அதன் இரைப்பையிலிருந்து எடுக்கிற சாறுதான் உறை. நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

ஜோசப் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு ஏசுவை மனதில் நினைத்தானோ என்னவோ, விழுங்கிவிட்டான். மாணிக்கம் பின்கட்டுக்குப் போய்த் தொட்டித் தண்ணீரில் வாய் கொப்பளித்தான். அந்தச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அன்னெகெ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெளியே போய், "எதுக்குடா இப்படி அசிங்கப்படுத்தற? எங்க ஊர்ல இத்த தினம் சாப்புடறோம்!" என்றேன்.

மாணிக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். கோபமே இல்லாமல், "எதுடா உங்க ஊரு?" என்று கேட்டான்.

நான் உள்ளே வந்தேன். அங்கே செல்வி அன்னெகெயின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்கண்ணா இவங்களுக்கு. சொல்லாம வுட்டுருந்தா யாருக்குத் தெரியும்? நானும் துன்னுட்டுப் போயிருப்பேன். தன் விருந்து கெட்டாலும் என் விரதம் கெடக்கூடாதுன்னு பாத்தாங்க இல்ல? கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்கமாட்டா."

நான் சொன்னேன். அன்னெகெ மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "வீட்டில் பால் இருக்கிறதா? எலுமிச்சம்பழம்?"

மாணிக்கமே போய் அன்று மாலை கறந்த பாலைக் கொண்டுவந்தான். அன்னெகெ அதைக் காய்ச்சிப் பொங்கும் நேரத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். "ஐயோ, நல்ல பால திரிய வுடறாங்களே!" என்று செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். விரத நாளில் பால் திரிந்தால் மனசு கலங்கும் வீட்டுக்காரி அவள். ஆனாலும் கை நீட்டி வடிகட்டும் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனை அன்னெகெயிடம். இருவரும் சேர்ந்து முறுக்கிப் பிழிந்தார்கள். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி திரண்டு வந்தது. நாட்டுச்சர்க்கரை தூவி, விளக்கேற்றி, முதல் துண்டை முருகன் படத்தின் முன்னே வைத்துக் கும்பிட்டுவிட்டு, செல்வி அன்றைய முதல் வாய் சாப்பிட்டாள். அன்னெகெ மூச்சு விடாமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"உறையே ஊத்தாம உறைஞ்சி கீதே! நல்லா கீது அண்ணி" என்றாள் செல்வி. இன்னொரு துண்டை எடுத்து அன்னெகெயின் வாயில் தானே ஊட்டினாள். சாப்பிட்டு முடித்ததும் அன்னெகெ தட்டுகளை அள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அன்றைக்குச் செல்வி அவளைத் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அலசிக் கொடுத்தாள்.

இப்போது அந்த வயல்களில் கார் கம்பெனிகள் வந்துவிட்டன. செல்வியின் மகள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறாள். கிருத்திகை தோறும் செல்வி எலுமிச்சம்பழம் பிழிந்து செய்கிறாளாம். "அண்ணி பாலு" என்று அதற்குப் பெயர். மகள் டிபன் பாக்ஸில் கொண்டுபோனால் கம்பெனியில் அவள் லைனில் இருக்கிற பெண்கள் பிடுங்கித் தின்றுவிடுகிறார்களாம். போனில் இதையெல்லாம் செல்வி என்னிடம் சொல்வதில்லை, நேராக அன்னெகெயிடம்தான் சொல்கிறாள். மொழி தெரியாமல் இருவரும் எப்படித்தான் அவ்வளவு நேரம் பேசுகிறார்களோ!

அந்த மாசியில் திரும்பி வரும்போது விமானத்தில் ஜன்னலோரம் அன்னெகெ உட்கார்ந்திருந்தாள். மீனம்பாக்கத்து விளக்குகள் கீழே சிறுத்துக்கொண்டே போயின. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். "வந்துவிடலாம், சீக்கிரம் வந்துவிடலாம்" என்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வார்த்தைக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். ஆனால் அப்போது என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. வீட்டுக்குப் போய் ஹீட்டரைப் போட வேண்டும், திங்கட்கிழமை பட்டறைக்கு ரொட்டி வாங்க வேண்டும், எங்கள் கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அந்த நினைப்பில் இருந்த நிம்மதி எனக்கே பயமாக இருந்தது. என் ஊரை விட்டுப் போகிறோமே என்று அவள் அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிறோம் என்ற நிம்மதியோடு நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.