இணையத்தில் ஏறிய இடுகாடு

நான்காம் வகுப்போடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை விட்டவன் நான். ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டினேன், லாரியில் மூட்டை தூக்கினேன், போர்ட்டிக்சனில் மீன் படகில் ஏறினேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. எழுபதுகளில் அக்காவின் முதல் குழந்தை நாற்பதாம் நாள் காய்ச்சலில் இறந்தபோதும் நான் எங்கோ இருந்தேன்.

சுவா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். குழந்தையை அங்கேயே இடுகாட்டில் புதைத்தார்கள். எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை, அதனால் அக்கா லயத்து வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள். எந்த இடம் என்று அவள் கணவருக்குத் தெரியும். அடையாளத்துக்கு நட்ட கட்டையைக் கறையான் தின்றது. சில வருடங்களில் அவரும் இறந்துபோனார்.

தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். தங்கள் குழி எது என்று காட்டும் குடும்பம் எலும்பை எடுத்துப் போய் வேறு மயானத்தில் வைத்துக்கொள்ளலாம். காட்ட ஆளில்லாத குழிகளின்மேல் தைப்பூசம் முடிந்ததும் புல்டோசர் ஓடும் என்று தோட்ட ஆபீஸ் கிராணி சொன்னார்.

அக்கா அப்போது செனாவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தாள். "ஊரெல்லாம் சுத்துறியே தம்பி, எம்புள்ள எங்க படுத்திருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லேன்" என்றாள். அழவில்லை. ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று பஸ் ஏறிவிட்டாள்.

நோட்டுப் புத்தகத்தோடு இடுகாட்டுக்குப் போனேன். மொத்தம் ஏழு வரிசை. மிச்சமிருந்த நான்கு குடும்பங்களைக் கேட்டு, ஒரு வரிசைக்கு ஒரு வரி எழுதினேன். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் 'மின்னல் விழுந்தவர்', கங்காணியைப் பெற்றவள் என்பதால் 'மண்டோர் அம்மா' என்று. எதுவுமே தெரியாத குழிக்கு அதன் அகலத்துக்கு இடம் விட்டேன். குழந்தைக் குழி என்றால் சின்ன இடம். அப்படி ஒன்பது சின்ன இடங்கள் இருந்தன. அவற்றில் எது எங்களுடையது என்று சொல்லக்கூடியவர்கள் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டிருந்தார்கள்.

லுக்குட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையை நடத்தி வந்த பெண்ணிடம் அந்த நோட்டை நகல் எடுக்கக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். "இத வெச்சு எத்தன பேர்கிட்டண்ணே காட்டுவீங்க? வெப்சைட்ல போட்டா சிங்கப்பூர்ல இருக்கிறவனும் பாப்பான்லா."

இரண்டு விரலால் மூன்று நாள் தட்டினேன். தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது என்றதால் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்தேன். இப்படி அடித்த வெறும் எழுத்தை இணையப் பக்கமாக மாற்ற அவளே ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். அதை ஓட்டினாள். பக்கம் வந்தது. நான் விட்ட இடம் ஒன்றுகூட இல்லை. ஏழு வரிசையும் ஒன்றாகி, எல்லாரும் தைப்பூசத்துப் பத்துமலை பஸ்ஸில் நெருக்குவது போல ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, செத்தவங்கள எல்லாம் ஒரே லாரியில ஏத்திட்ட?"

சிரித்துவிட்டாள். "நீங்க எத்தன ஸ்பேஸ் தட்டுனாலும் அது ஒண்ணாத்தான் எடுத்துக்கும்ணே. வரி மாறுனாலும் அதுக்குத் தெரியாது. சும்மா இடம் விட்டா ஆள் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதுக்கும் ஒரு குறி போடுங்க."

உட்கார்ந்து குறிகளை முடிவு செய்தோம். வரிசை தொடங்குமிடத்தில் சமக்குறி. ஆள் தெரியாத குழிக்கு ஒரு நட்சத்திரம், குழந்தைக்கு இரண்டு. குறிகளை அவள் புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நட்சத்திரம் வரும் இடமெல்லாம் சிவப்புக் கட்டமாக மாற வேண்டும். கட்டத்தை மவுஸால் தட்டினால் கடைக்குக் கடிதம் எழுதும் இடம் திறக்க வேண்டும்.

மறுபடி ஓட்டினாள். சாலையில் நின்று பார்த்தால் இடுகாடு எப்படித் தெரியுமோ அப்படியே ஏழு வரிசை திரையில் விரிந்தது. இத்தனை வருடம் யாரும் கேட்காத குழிகளெல்லாம் சிவப்பாக நின்றன. நான் தட்டியது வெறும் சமக்குறியும் நட்சத்திரமும்தான். கோயிலில் திரை விலகும்போது எழுந்து நிற்பது போல நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

பக்கத்தின் அடியில் என் பெயரைப் போட்டு, அதன் முகவரியைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கோயில்களிலும் பஸ் நிலையத்திலும் கொடுத்தேன். ஒரு மாதம் ஒன்றுமில்லை. வந்த முதல் கடிதத்தில் ஒருவர் இது வீட்டுமனைப் படமா, மூலை மனை காலியா என்று கேட்டிருந்தார்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து இன்னொன்று வந்தது. கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், எங்கள் லயத்துக்காரர். ஆங்கில எழுத்தில் இருந்த தமிழை அந்தப் பெண் திக்கித் திக்கிப் படித்தாள். "நாலாவது வரிசைல, மின்னல் விழுந்தவருக்குப் பக்கத்துல இருக்கிற செவப்பு, அதுதான் ஒங்க அக்கா புள்ள. நானும் புள்ளையோட அப்பாவும்தான் குழி வெட்டுனோம். கட்ட நிக்காதுன்னு தலமாட்டுல ஒரு பால் மங்கக் கவுத்துப் பொதைச்சோம்."

மரத்தில் பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணத்தைத்தான் மங்கு என்போம். அந்தக் குழியைத் தாண்டி எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். கடல் தாண்டி உட்கார்ந்திருந்த மனிதர் அதன்மேல் சரியாக விரலை வைத்துவிட்டார்.

தொழிற்சாலை வாசலில் காத்திருந்து அக்காவிடம் சொன்னேன். ஆட்களோடு போய் நானே எடுத்து வருகிறேன் என்றேன்.

"நானும் வர்றேன்."

"அக்கா, பொம்பளைங்க அங்க..."

"புள்ளய அனுப்பிட்டு வாசல்ல நின்னது போதும்லா. மோட்டார எடு."

வேலைக்குப் போட்ட நீலச் சட்டையோடு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாள். இடுகாட்டில் கூலிக்கு வந்த ஆள் தோண்ட, முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ பட்டுச் சத்தம் கேட்டது. கவிழ்ந்த மங்கின் மண் படிந்த வெள்ளை அடிப்புறம் தெரிந்தது. தோண்டியவர் மீண்டும் மண்வெட்டியை ஓங்கினார்.

"அது வேணாம்ணே. தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா குழிக்குள் இறங்கி, கையால் மண்ணை அள்ளத் தொடங்கினாள்.